இரவு விளக்கும் கடல் ஒட்டுண்ணியும்: அடையாறு முகத்துவாரத்திலிருந்து ஒரு கேள்வி (புனைபெயர்களில் எழுதுபவர்களின் இணைய உரையாடல்)

முகத்துவாரம்:

அடையாறு கடலில் சேரும் இடத்தில், உடைந்த பாலத்துக்கு உள்பக்கமாக, நீர் வற்றிய நேரத்தில் போய் நின்றால் சேற்றில் கூம்பு வடிவச் சின்ன நத்தைகள் ஊர்வதைப் பார்க்கலாம். பைரெனெல்லா சிங்குலேட்டா என்று பெயர். பழைய நூல்களில் செரித்திடியா என்று இருக்கும். பழவேற்காடு, எண்ணூர் கழிகளிலும் இதே நத்தைதான். சாப்பிடவோ விற்கவோ ஆகாது என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு இந்த நத்தை முக்கியம், ஏனென்றால் இதற்குள் தட்டைப்புழுக்கள் குடியிருக்கின்றன. நத்தையின் இனப்பெருக்க உறுப்பைத் தின்று, அந்த இடத்திலேயே பெருகி, செர்காரியா என்ற வால் முளைத்த குட்டிப் புழுக்களைத் தண்ணீரில் விடுகின்றன. செர்காரியா போய் ஒரு மீனையோ நண்டையோ துளைத்து உள்ளே கூடு கட்டி உட்காரும். அந்த மீனைக் கொக்கோ உள்ளானோ தின்றால் பறவையின் குடலில் புழு முழு வளர்ச்சி அடைந்து முட்டையிடும். எச்சத்தோடு முட்டை சேற்றில் விழுந்து மறுபடி நத்தைக்குப் போகும்.

ஆய்வகத்தில் செர்காரியாவைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நத்தையைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கழிமுகத் தண்ணீரோடு போட்டு இரவு முழுக்க இருட்டில் வைத்துவிட்டு, காலையில் மேசை விளக்கின் கீழ் வைக்க வேண்டும். தொற்று உள்ள நத்தையாக இருந்தால் கொஞ்ச நேரத்தில், கிண்ணத்துக்கு அடியில் கறுப்புக் காகிதம் வைத்துப் பார்த்தால், தண்ணீரில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டதும் வெளியே வருவது, அல்லது இருட்டியதும் வருவது, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நேரம். இந்தக் குட்டிப் புழு எதையும் தின்னாது. உடம்பில் சேர்த்து வைத்த சத்து தீரும்வரைதான் உயிர், கூடிப்போனால் ஒரு நாள். அதற்குள் ஆள் கிடைக்கவில்லை என்றால் முடிந்தது. அதனால் எந்த நேரத்தில் வெளியே வருகிறது என்பதுதான் அதன் மொத்தப் பிழைப்பு.

இப்போது என் கேள்வி. அந்தச் சேற்றுப் பரப்பில் இன்று ராத்திரி என்று ஒன்று இல்லை. கடற்கரை ஹைமாஸ்ட் என்கிற உயரக் கம்ப விளக்கு, பாலத்து விளக்கு, அடுக்குமாடி வெளிச்சம், மேகத்தில் பட்டுத் திரும்பும் ஊர் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து விடிய விடிய ஒரு மங்கல் பகல். ஒட்டுண்ணி, அதைச் சுமக்கும் உயிர், இரண்டும் நேரம் பார்த்துச் சந்திக்கிறவை. அந்த நேரத்தை விளக்கு குலைத்தால் என்ன ஆகும்? 2023இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்து ஒட்டுண்ணி ஆய்வாளர் ராபர்ட் பூலின் இதைப் பற்றி எழுதிய பிறகு எனக்கு இந்தச் சிந்தனைதான். ஆமைக் குஞ்சுக்கு விளக்கு என்ன செய்கிறது என்று சென்னையில் எல்லோரும் பேசுகிறோம். தண்ணீருக்குள் இருப்பதையும் பேச வேண்டும்.

வலைக்காரன்:

அக்கா, எனக்குக் காசிமேடு. நீங்கள் சொல்கிற குட்டிப் புழுவை நான் பார்த்ததில்லை. ஆனால் வெளிச்சம் மீனை என்ன செய்யும் என்று சொல்ல முடியும்.

எங்க அப்பா காலத்தில் நிலா நாள், இருட்டு நாள் என்று கணக்குப் பார்த்துத்தான் வலையை எடுப்பார்கள். நிலா நாளில் நெத்திலி, மத்தி சரியாகப் படாது. கூட்டம் கலைந்து நிற்கும், வலையும் அதுகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இப்போது துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களில் ராத்திரி பூராவும் விளக்கு எரிகிறது. அதன் கீழே சின்ன மீன் சுற்றும், அதைத் தின்னப் பாரை வரும், கணவாய் வரும். இதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் படகில் எல்இடி கட்டி மீனை வளைத்தார்கள். 2017 நவம்பரில் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது. தடை வேண்டும் என்று கேட்டதே சிறு படகுக்காரர்கள்தான்.

இன்னொன்று. கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கினால் சில நேரம் உள்ளே வெள்ளைப் பூச்சி ஒன்று கால் எல்லாம் மடக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கும். அது இருக்கிற பக்கத்துச் செவுள் சிவப்புப் போய் வெளுத்து, பூச்சியின் அளவுக்குப் பள்ளமாக இருக்கும். சிலதில் பெரிசு ஒன்று, சின்னது ஒன்று, ஜோடியாக. விளக்குக்குக் கீழே கூடுகிற மீனில்தான் இது அதிகம் என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்குமா?

முகத்துவாரம்:

அண்ணே, நல்ல கேள்வி. அந்தப் பூச்சி இறால், நண்டு வகையைச் சேர்ந்த ஐசோபாடு. ஜோடியில் பெரிசு பெண், சின்னது ஆண். பிறக்கும்போது எல்லாம் ஆண்தான். மீனில் முதலில் இடம் பிடித்தது வளர்ந்து பெண்ணாக மாறிவிடும். தாய் தன் வயிற்றுப் பையிலிருந்து குட்டிகளை வெளியே விட்டதும் அவை நீந்திப் போய் வேறு மீனைத் தேட வேண்டும். கண் நன்றாக வளர்ந்த குட்டிகள், கையில் இருப்பதோ கொஞ்ச நேரம். மீன் பரவி நின்றால் தேடுவது கடினம். ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றால் அதற்கு வேலை மிச்சம். இந்த வகையில் உங்கள் ஆட்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான்.

பவளப்பாறை மீன்களில் நாத்தியிட் என்று இன்னொரு ஐசோபாடு இருக்கிறது. குட்டிப் பருவத்தில் மீனின் ரத்தத்தைக் குடித்துவிட்டுத் தரைக்கு இறங்கிவிடும், பெரும்பாலும் இரவு வேட்டை. அதைப் பிடிக்க ஆய்வாளர்கள் கடலடியில் விளக்குப் பொறிதான் வைக்கிறார்கள். வெளிச்சத்துக்கு வந்து குவிகிறது. பகலில் அதைத் தின்று தீர்ப்பது துப்புரவு மீன். ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணி தின்னும் என்று 1996இல் ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரா குரட்டர் கணக்கிட்டுக் காட்டினார். ராத்திரி அந்த மீன் தூங்கிவிடும். ராத்திரியில் விளக்கெரிந்தால் ஒட்டுண்ணி வந்து கூடும், துப்புரவு செய்கிறவர் இருக்க மாட்டார்.

விண்மீன்பித்தன்:

வெளிச்சத்தின் அளவு பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். எங்களைப் போல வானம் பார்ப்பவர்களுக்கு இதுதான் அன்றாடக் கவலை.

நிலவில்லாத, ஊர் வெளிச்சம் எட்டாத இரவில் தரையில் விழும் ஒளி ஒரு லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். முழு நிலவு தலைக்கு மேல் நின்றாலும் 0.3 லக்ஸைத் தாண்டாது, பெரும்பாலும் 0.1 முதல் 0.2. தெருவிளக்கின் கீழ் 10, 20 லக்ஸ் சாதாரணம். பௌர்ணமி மாதத்தில் சில நாள், தெருவிளக்கு தினமும். 2016இல் வந்த உலக வரைபடக் கணக்கின்படி, உலக மக்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஒளி மாசுபட்ட வானத்தின் கீழ்தான் இருக்கிறார்கள்.

கடலுக்குள் போவதையும் அளந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிளிமத் துறைமுகப் பகுதியில் கடலடித் தரையில் முக்கால் பங்கு வரைக்கும் உயிர்களைப் பாதிக்கும் அளவு ஊர் வெளிச்சம் எட்டுகிறது என்று 2020இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு உலகம் முழுமைக்கும் கணக்குப் போட்டதில், 1 மீட்டர் ஆழத்தில் 19 லட்சம் சதுர கிலோமீட்டர் கரைக்கடல் இந்த வெளிச்சத்தில் இருக்கிறது.

சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைவிட வெள்ளை எல்இடி இதில் மோசம். அதில் 450 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் நீல ஒளி தூக்கலாக இருக்கும். தெளிந்த கடல்நீரில் ஆழமாக இறங்குவது நீலம். பல கடல் உயிர்களின் கண்ணும் அந்த நிறத்துக்குத்தான் கூர்மை. நம் ஊரில் தெருத் தெருவாக எல்இடிக்கு மாறியபோது மின்சாரம் மிச்சமானதை மட்டும்தான் பேசினோம்.

மின்கம்பம்:

விளக்குப் போடும் வேலையில் வெகுகாலம் இருந்தவன் நான். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, சென்னைக் கடல் தெளிந்த கடல் அல்ல. மழைக்காலத்தில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீரில் கையை விட்டால் முழங்கை தெரியாது. அதில் நீல ஒளி எவ்வளவு தூரம் இறங்கும்? பிளிமத் கணக்கை இங்கே அப்படியே போடக்கூடாது.

இரண்டாவது, விளக்கு வேண்டாம் என்று சொல்வது சுலபம். விடியுமுன்னே பட்டினப்பாக்கத்திலும் நொச்சிக்குப்பத்திலும் வலை ஏற்றுகிறவர்கள், கூடையோடு நடந்து போகிற பெண்கள், இவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டாக இருந்த கடற்கரையில் என்னென்ன நடந்தது என்று தெரிந்தவர்கள்தான் விளக்குக் கேட்டு மனு கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத புழுவுக்காக அதை அணைக்கச் சொன்னால் எந்தக் குப்பத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முகத்துவாரம்:

சார், கலங்கல் பற்றி நீங்கள் சொல்வது சரி. மக்கிய இலைதழையின் சாறும் மண்ணும் கலந்த தண்ணீர் நீலத்தைத்தான் முதலில் விழுங்கும். அப்படிப்பட்ட நீரில் பச்சை ஒளிதான் அதிக தூரம் போகும். வெள்ளை எல்இடியில் பச்சையும் நிறைய இருக்கிறது. அது ஒரு பக்கம். நான் சொல்கிற இடம் கடலடி அல்ல, முகத்துவாரத்துச் சேறு. நீர் வற்றும்போது நத்தைக்கு மேல் தண்ணீரே இருக்காது, அல்லது விரற்கடை ஆழம்தான். விளக்கு வெளிச்சம் நேராக அதன் மேல் விழுகிறது. கலங்கல் அங்கே காப்பாற்றாது.

அந்தச் சேற்றில் வெளிச்சத்தால் பயன் அடைகிற இன்னொரு ஆளும் உண்டு, பறவை. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கழிமுகத்தில், ஆலை வெளிச்சம் விழுகிற சேற்றில் பவளக்காலி இரவிலும் கண்ணால் பார்த்தே இரை பொறுக்குகிறது என்று 2013இல் காட்டினார்கள். இருட்டில் அது அலகால் தடவித்தான் தேடும். அதே பவளக்காலி குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கும் நம் கழிகளுக்கும் வருகிறது. பறவை ராத்திரியும் மேய்ந்தால் தொற்றுள்ள இரையை அதிகம் தின்னும், எச்சமும் அங்கேயே விழும். புழுவின் சுற்று இரண்டு முனையிலும் வேகம் எடுக்கும்.

குப்பத்து வெளிச்சத்தை அணைக்க நானும் கேட்கவில்லை.

கண்ணாடித்தகடு:

சுகாதாரத் துறையில் ஆய்வக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் படித்ததும் யானைக்கால் நோய்க்காக ராத்திரியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தது நினைவுக்கு வந்தது. பகலில் எடுத்தால் தகட்டில் ஒன்றும் கிடைக்காது. இரவு 10 மணியிலிருந்து 2 மணிக்குள் எடுத்தால்தான் மைக்ரோபைலேரியா, அதாவது அந்த நோய்ப்புழுவின் குட்டி, தெரியும். பகலில் அது நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒதுங்கியிருக்கும். கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரத்துக்குத்தான் தோலுக்குப் பக்கத்தில் வரும். தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தியதற்கு எங்களுக்குக் கிடைத்த திட்டு கொஞ்சமில்லை. ஆனால் புழுவின் நேரத்துக்கு நாங்கள்தான் போக வேண்டும்.

இதில் முக்கியமான சேதி: பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கும்படி நோயாளியை மாற்றிவைத்தால் புழுவும் நேரத்தை மாற்றிக்கொள்ளும். 1881இலேயே மெக்கன்சி என்ற மருத்துவர் இதைக் கண்டு சொல்லிவிட்டார். அதாவது அந்தப் புழு சூரியனைப் பார்த்து நேரம் வைப்பதில்லை. தான் குடியிருக்கும் உடம்பின் தூக்கத்தைப் பார்த்து வைக்கிறது. அப்படியென்றால் கடலிலும் விளக்கு நேராகப் புழுவைத் தொட வேண்டும் என்பதில்லை. மீனின் தூக்கம் கெட்டாலே போதும் அல்லவா?

முகத்துவாரம்:

ஐயா, நான் சொல்ல நினைத்து விட்டுப்போனதை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு வகையும் இருக்கிறது.

ஒன்று, புழுவுக்கே பிறவியில் ஒரு கடிகாரம். குவாதலூப் தீவில் ஷிஸ்டோசோமா மான்சோனி என்ற ரத்தப்புழுவை ஆந்த்ரே தெரோன் ஆராய்ந்தார். மனிதர்களிடம் சுற்றும் வகையின் செர்காரியா நத்தையிலிருந்து முற்பகல் 11 மணி வாக்கில் அதிகம் வருகிறது, மனிதர்கள் தண்ணீரில் இறங்கும் நேரம். எலிகளிடம் சுற்றும் வகை பிற்பகல் 4 மணி வாக்கில், எலி நடமாட்டம் தொடங்கும் நேரத்தை ஒட்டி. ஒரே இனப் புழு, ஒரே நத்தை. இந்த நேர வித்தியாசம் தலைமுறைக்குத் தலைமுறை மரபாகப் போகிறது. இந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்து வைப்பது விடியலும் அந்தியும்தான். இரவெல்லாம் மங்கலாக வெளிச்சம் இருந்தால் எது விடியல், எது அந்தி?

இரண்டு, நீங்கள் சொன்ன உடம்பு. மீனுக்கும் இருட்டில்தான் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும். பெர்லினில் உள்ள லைப்னிட்ஸ் நன்னீர்ச் சூழலியல் நிலையத்தில் பெர்ச் மீனை வைத்துப் பார்த்தபோது, இரவில் வெறும் 1 லக்ஸ் வெளிச்சத்திலேயே அந்தச் சுரப்பு குறைந்துவிட்டது. மெலட்டோனின் தூக்கத்தோடு மட்டும் நிற்பதில்லை, நோய் எதிர்ப்புச் சக்தியோடும் தொடர்பு உள்ளது. அது குறைந்த மீனின் உடம்பில் ஒட்டுண்ணி எளிதாகத் தங்கலாம். பறவையில் இதற்கு நெருக்கமான ஒரு சான்று வந்துவிட்டது. இரவில் மங்கல் விளக்கில் வைத்த சிட்டுக்குருவிகள் வெஸ்ட் நைல் வைரஸைக் கொசுவுக்குக் கொடுக்கும் அளவில் கூடுதலாக இரண்டு நாள் சுமந்தன. அதை வைத்துக் கணக்கிட்டால் நோய் பரவும் வாய்ப்பு 41 சதவீதம் கூடுகிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் நடந்த ஆய்வு, 2019.

மயிலைவாசி:

எல்லாம் படித்தேன். கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. செவுளில் பூச்சி, சதைக்குள் புழுக்கூடு என்கிறீர்களே, மடவை, சங்கரா எல்லாம் வாங்கலாமா கூடாதா? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.

முகத்துவாரம்:

தாராளமாக வாங்குங்கள். செவுளில் இருக்கும் ஐசோபாடு மனிதரை ஒன்றும் செய்யாது. செவுளை எப்படியும் எறிந்துவிடுகிறோம். மடவை போன்ற கழிமுக மீன்களின் சதையில் இருக்கும் புழுக்கூடுகளில் சில வகை மனிதர் குடலில் வளரக்கூடியவைதான், ஆனால் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்றால்தான். மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் சூடானாலே அவை செத்துவிடும். நம் குழம்பு கொதிப்பது 100 டிகிரி பக்கம். பச்சை மீன் உணவகங்களுக்குத்தான் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்கும் விதி தேவை. வறுக்கும்போது மட்டும் தடிமனான துண்டு உள்ளே வெந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வலைக்காரன்:

மயிலை அக்கா, பூச்சி இருக்கிற மீன் கெட்ட மீன் இல்லை. கண்ணு தெளிவாக, பூச்சி இல்லாத பக்கத்துச் செவுள் சிவப்பாக இருக்கிறதா பாருங்கள், அது போதும்.

ஆமைநடை:

பங்குனி ஆமைக் குஞ்சுகளுக்காக ராத்திரி நடக்கிறவர்களில் நானும் ஒருத்தி. சென்னையில் மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988இலிருந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைக்கிறது. முட்டை பொரிந்து வரும் குஞ்சு வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி ஊரப் பார்க்கும். கடற்கரை ஹைமாஸ்ட் எரிந்துகொண்டிருந்தால் ரோட்டுப் பக்கம் போய்விடும்.

இதிலிருந்து எங்களுக்குப் புரிந்தது, மின்கம்பம் சார் கேட்டதற்கும் பதில்: எல்லா விளக்கையும் அணைக்க வேண்டியதில்லை. கடல் பக்கம் பார்த்திருக்கும் விளக்குதான் பிரச்சினை. குப்பத்து ஆட்களிடம் பேசும்போது அவர்களே எந்த விளக்கு தேவை, எது சும்மா எரிகிறது என்று காட்டிக் கொடுப்பார்கள். நள்ளிரவுக்கு மேல் ஆள் இல்லாத மணலுக்கு வெளிச்சம் அடிக்கிற கம்பங்கள் நிறைய.

என் சந்தேகம் வேறு. ஆமைக்காக ஜனவரியிலிருந்து சில மாதம் கேட்கிறோம். நத்தைக்கும் மீனுக்கும் பருவம் கிடையாதே, வருடம் முழுக்க அல்லவா?

மின்கம்பம்:

இப்படிப் பேசினால் என்னாலும் பேச முடியும். ஹைமாஸ்ட்டில் விளக்குப் பெட்டியைச் சாய்த்துக் கட்டிவிடுவார்கள், தூரமாக அடிக்கட்டும் என்று. அந்தச் சாய்வைக் கிடைமட்டமாக்கினாலே கடலில் விழுவது பாதிக்குப் பாதி குறையும், தரையில் வெளிச்சம் கூடத்தான் செய்யும். பின்பக்கம் ஒரு தகரத் தடுப்பு வைக்கலாம். புதிதாக வாங்கும்போது 6,000 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் எண்) வெள்ளைக்குப் பதில் 2,700க்குக் கீழே மஞ்சள் சாயல் எல்இடி கேட்டு வாங்கலாம், நீலம் மிகக் குறைவு. நள்ளிரவுக்கு மேல் மங்கலாக்கும் டைமர் இப்போதைய விளக்குகளில் பொருத்த முடியும். இதெல்லாம் வருடம் முழுக்கச் செய்யக்கூடியது. யாருக்கும் இருட்டு இல்லை. செலவும் ஒரு தடவைதான்.

கொடுவாக்கூண்டு:

கூண்டில் கொடுவா வளர்க்கிறோம். ஒட்டுண்ணி எங்களுக்குப் பணப் பிரச்சினை. கேலிகஸ் என்கிற மீன்பேன் ஏறிவிட்டால் மீன் வலையில் உடம்பைத் தேய்க்கும், செதில் உரியும், அப்புறம் அந்தப் புண்ணில் சீழ் பிடிக்கும். நார்வே சால்மன் பண்ணைகளிலும் இதற்குச் சொந்தக்காரப் பேன்தான் பெரிய தொல்லை. அங்கே குட்டிப்பேன் வெளிச்சத்தை நோக்கி மேலே நீந்திவரும் என்பதால், விளக்கைக் கூண்டின் ஆழத்தில் இறக்கி மீனைக் கீழே இழுத்துப் பேனிடமிருந்து பிரித்து வைக்கிறார்கள். அதே விளக்கு மேலே இருந்தால் பேனும் மீனும் ஒரே மட்டத்தில் சேரும். எனவே விளக்கு எந்த இடத்தில், எந்த உயரத்தில் என்பதுதான் கேள்வி.

காவலுக்காகக் கூண்டின் மேல் இரவு முழுக்க வெள்ளை விளக்கு எரியவிடுகிற பண்ணைகள் இங்கே உண்டு. அவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வி. வெளிச்சத்தால் ஒட்டுண்ணி குறையவும் வாய்ப்பிருக்கிறதே? செர்காரியா தப்பான நேரத்தில் வந்து செத்துப்போனால் நல்லதுதானே?

முகத்துவாரம்:

குறையவும் செய்யும். மீன் வெளிச்சத்தைவிட்டு விலகிப்போனால், குட்டிப் புழு தவறான நேரத்தில் வெளிவந்தால், சில இனங்கள் அந்த இடத்திலிருந்தே அற்றுப்போகலாம். யாருடைய கடிகாரம் முதலில் கெடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் கூடுவதும் குறைவதும்.

ஆனால் குறைந்தால் நல்லது என்பதை நான் ஏற்க மாட்டேன். 2008இல் கலிஃபோர்னியா, பாஹா கலிஃபோர்னியா கரையில் மூன்று கழிமுகங்களில் எல்லா உயிரையும் எடை போட்டுப் பார்த்தார்கள். ஒட்டுண்ணிகளின் மொத்த எடை அங்குள்ள பறவைகளின் எடையைத் தாண்டிவிட்டது. ஒரு வருடத்தில் வெளிவரும் செர்காரியாவின் எடையே பறவைகளைவிட அதிகம். சின்ன மீனும் கடல்சாமந்தியும் அதைத் தின்று பிழைக்கின்றன. அதே கலிஃபோர்னியாவில் கில்லிமீனின் மூளையில் தங்கும் ஒரு தட்டைப்புழு, மீனை நீர்ப்பரப்புக்கு வந்து துள்ளவும் புரளவும் வைக்கிறது. தொற்றுள்ள மீனைப் பறவை பிடிப்பது மற்றதைவிட 10 முதல் 30 மடங்கு அதிகம் என்று 1996இல் லாஃபர்ட்டியும் மோரிஸும் கண்டார்கள். அந்தப் புழு இல்லாவிட்டால் கொக்குக்கு இரை பிடிப்பது எவ்வளவு கடினமாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டுண்ணி நிறைந்த கழி பெரும்பாலும் பறவையும் மீனும் நிறைந்த கழிதான்.

என்னை மிகவும் உறுத்துவது இது. வெளிச்சத்தை வைத்தே வேலை செய்கிற ஒட்டுண்ணிகள் இருக்கின்றன. பிரான்ஸின் கமார்க் உப்பங்கழிகளில் ஒரு தட்டைப்புழு, கமாரஸ் என்ற சின்ன இறால்பூச்சியின் மூளையில் கூடு கட்டும். சாதாரணமாக வெளிச்சத்தைக் கண்டால் அடியில் ஒளியும் பூச்சி, தொற்று வந்தபின் வெளிச்சத்தை நோக்கி மேலே வந்து பறவைக்கு இரையாகும். பகலுக்காக உண்டான ஏற்பாடு இது. அந்தக் கழியின் ஓரத்தில் இரவெல்லாம் ஒரு விளக்கு எரிந்தால் அந்தப் பூச்சி என்ன செய்யும்? விளக்கின் கீழ் கூடும். அங்கே காத்திருப்பது பறவையாக இருந்தால் புழுவுக்கு லாபம். மீனாகவோ நண்டாகவோ இருந்தால் இரண்டுக்கும் முடிவு. நம் கழிகளிலும் இப்படிப்பட்ட சின்ன உயிர்கள் உண்டு. யாரும் பார்க்குமுன்பே அவற்றின் இரவை நாம் மாற்றிவிட்டோம் என்பது எனக்குச் சகிக்கவில்லை.

விண்மீன்பித்தன்:

அளந்து பார்க்கலாமே. எங்களிடம் வானத்தின் இருட்டை அளக்கும் கருவி இருக்கிறது. நத்தை எடுக்கும் இடங்களில் வந்து அளந்து தருகிறோம்.

முகத்துவாரம்:

அதைத்தான் மாணவர்களோடு யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழுத் திட்டத்தையும் இங்கே போடுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

அடையாற்று நத்தையில் தொற்று அதிகம், பழவேற்காட்டில் குறைவு என்று வெறுமனே எண்ணிப் பார்த்து விளக்கின் மேல் பழி போட முடியாது. சாக்கடை, உப்பின் அளவு, பறவைகளின் எண்ணிக்கை எல்லாமே இரண்டு இடத்திலும் வேறு. நத்தையின் வயதும் இருக்கிறது. பெரிய நத்தை அதிக நாள் வாழ்ந்தது, அதனால் தொற்றும் அதிகம். எனவே ஒரே கழியில், ஒரே சேற்றில், விளக்கு விழும் பகுதியிலும் பக்கத்திலேயே நிழலான பகுதியிலும் ஒரே நீளமுள்ள நத்தைகளாக எடுக்க வேண்டும்.

அடுத்தது ஆய்வகம். தொற்றுள்ளவற்றைப் பிரித்து மூன்று கூட்டமாக்கி, பகல் எல்லோருக்கும் ஒன்றாக வைத்து, இரவில் மட்டும் ஒன்றுக்கு முழு இருட்டு, ஒன்றுக்கு 0.2 லக்ஸ், ஒன்றுக்கு 10 லக்ஸ் வெள்ளை எல்இடி. இரண்டு மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, வந்த செர்காரியாவை எண்ண வேண்டும். மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த மணிக்கு எத்தனை என்பதுதான் விடை. இருட்டுக் கூட்டத்தை எண்ணும்போது சிவப்பு விளக்கில் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் நாமே நேரத்தைக் கெடுத்துவிடுவோம். வெப்பநிலையையும் ஒன்றாக வைக்க வேண்டும். விளக்குச் சூட்டில் தண்ணீர் ஒரு டிகிரி ஏறினாலே செர்காரியா கூடுதலாக வரும்.

அடையாறு பூங்காவுக்குள் இறங்க முன் அனுமதி வேண்டும், அதற்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் முதலில் பார்க்கலாம்.

கண்ணாடித்தகடு:

ராத்திரி எண்ண ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். நுண்ணோக்கி முன்னால் இரவு உட்கார்வது எனக்குப் பழக்கம். ஒன்று மட்டும்: எண்ணுகிறவருக்கு எந்தக் கிண்ணம் எந்தக் கூட்டம் என்று சொல்லாதீர்கள். தெரிந்தால் கண் தானாகவே அதிகமாக எண்ணும். மூடியில் எண் மட்டும் எழுதிவையுங்கள்.

மின்கம்பம்:

விளக்கு அளக்கும் மீட்டர் என்னிடம் இருக்கிறது, ஆனால் 0.2 லக்ஸ் அதில் சரியாகக் காட்டாது. கல்லூரி வாங்கும்போது ஆயிரத்தில் ஒரு லக்ஸ் வரை காட்டுகிற மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். 0.2க்கு எல்இடியை மங்கலாக்கினால் மினுக்கும். அதற்குப் பதில் கறுப்பு வலைத்துணியை இரண்டு மூன்று மடிப்பாக மேலே கட்டிவிடுங்கள். முகத்துவாரத்தில் எந்தக் கம்பம் கடல் பக்கம் அடிக்கிறது என்று நான் வந்து குறித்துத் தருகிறேன்.

வலைக்காரன்:

அக்கா, நத்தை உங்கள் வேலை. செவுள் பூச்சிக் கணக்கை நாங்கள் எடுத்துத் தருகிறோம். எங்கள் படகு கரையோரம் போகிறது, மச்சான் படகு கப்பல் நிற்கிற பக்கம் போகிறது. இரண்டு படகு கானாங்கெளுத்தித் தலையையும் தனித்தனிப் பையில் போட்டு வைக்கச் சொல்கிறேன். அமாவாசை ஒட்டி ஒரு தடவை, பௌர்ணமி ஒட்டி ஒரு தடவை. ஏப்ரல் 15க்குள் எடுத்துவிட வேண்டும், அப்புறம் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் போகாது. ஐஸ் பெட்டி மட்டும் நீங்கள் கொடுத்து அனுப்புங்கள், எங்கள் பெட்டி விற்கிற மீனுக்கே பற்றாது.